தெருவுக்குப் பெயர் வைக்கும் முன் தெருக்காரர்களைக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

தெருக்களின் சாதிப் பெயர்களை மாற்றுவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையையும் அதற்கு வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். "தார் போடாத தெருவுக்குப் பெயரை மாற்றி என்ன ஆகப் போகிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ராமேசுவரம் தீவிலும் மண்டபம் பக்கமும் முப்பத்தோரு ஆண்டுகள் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்தவள் நான். அவருக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஜூன் மாதச் சேர்க்கையின்போது விண்ணப்பங்களை நான்தான் நிரப்புவேன். ஊர் எது, தெரு எது என்று கேட்டால் பெரும்பாலான பிள்ளைகள் கணீரென்று சொல்வார்கள். சில பிள்ளைகள் மட்டும் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்வார்கள். "தெரு?" என்று மறுபடியும் கேட்டால் அம்மாவின் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த அம்மா குரலைத் தாழ்த்தி, "காலனிதான், டீச்சர்" என்பார். வரிசையில் பின்னால் நிற்பவர் காதில் விழுந்துவிடக் கூடாதே என்பது அவர் கவலை. ஐந்து வயதுப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது. பிறகு நான் தெருவைக் கேட்பதையே விட்டுவிட்டேன். ரேஷன் கார்டை வாங்கிப் பார்த்து நானே எழுதிக்கொள்வேன்.

2025 ஏப்ரலில், பட்டியலின மக்கள் வாழும் பகுதி என்று சுட்டிக்காட்டும் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தபோது அந்தத் தாய்மார்களின் முகங்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன. அக்டோபரில் தெருக்கள், குளங்கள், குடியிருப்புகளின் சாதிப் பெயர்களை நீக்கும் ஆணையும் வந்தது. முழு மனதோடு வரவேற்கிறேன். தாரும் வேண்டும், பெயரும் மாற வேண்டும். ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறுப்பது நியாயம் இல்லை.

ஆனால் பழைய பெயரை எடுத்த இடத்தில் எந்தப் பெயர் வந்து உட்காரப் போகிறது என்பதில்தான் என் கவலை. எங்கள் மாவட்டம் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம் இது. 1985இல் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது, ஒன்று பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம் ஆனது, இன்னொன்று காமராஜர் மாவட்டம் ஆனது. காரைக்குடியிலிருந்து மருது பாண்டியர் பெயரில் பஸ்கள் ஓடின. 1997இல் விருதுநகரில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். ஆங்கிலேயரை எதிர்த்து உயிரைக் கொடுத்தவருடைய பெயர் எழுதிய பஸ்ஸில், அவர் பிறந்த சாதியைக் காட்டி, ஏற மாட்டோம் என்று சிலர் கிளம்பினார்கள். தென் மாவட்டங்களில் கலவரம் மூண்டு உயிர்கள் போயின. கடைசியில் எல்லா மாவட்டங்களிலிருந்தும் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே அரசு எடுத்துவிட்டது. அந்த வாரங்களில் வகுப்பில் பாதி இடம் காலியாகக் கிடந்தது. பெயர் வைப்பது பந்திக்கு முந்துவது போல ஆனால் என்ன நடக்கும் என்று அன்று பார்த்தோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காலனிக்கு அம்பேத்கர் நகர் என்று பெயர் வைப்பது பல ஊர்களில் வழக்கம். அந்த மக்களே விரும்பி வைத்துக்கொண்டால் அது அவர்களுடைய உரிமை, அதில் யாரும் தலையிட முடியாது. ஆனால் அதிகாரிகள் அண்ணலின் பெயரை அங்கே மட்டும் வைத்துவிட்டு, கடைத்தெருவுக்கும் பஸ் நிலையத்துக்கும் வேறு பெயர் தேடுகிறார்களே, அது எப்படிச் சரியாகும்? நாட்டுக்கே சட்டம் எழுதிக் கொடுத்தவரை ஊரின் ஒரு மூலையில் நிறுத்திவைப்பது அல்லவா இது? "நகரா? சரி சரி" என்று கேட்பவர் அர்த்தத்தோடு தலையாட்டுகிறார். 'காலனி' செய்த வேலையைப் புதிய பெயரும் செய்ய ஆரம்பித்துவிடுகிறது. ஊர்ப் பொது இடங்களுக்கு முதலில் அந்தப் பெயரை வைக்கட்டும்.

பெயரை வைத்துப் பெயரை அழிக்கும் அரசியலும் எங்களை எட்டித்தான் இருக்கிறது. 2015 ஜூலையில் அப்துல் கலாம் ஐயா மறைந்தார். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பேக்கரும்பில்தான் அடக்கம் செய்தார்கள். அடுத்த மாதமே புதுதில்லியில் ஔரங்கசீப் சாலைக்கு அவர் பெயர் வந்தது. எங்கள் தீவுக்காரர் பெயரில் தலைநகரில் ஒரு சாலை என்று பெருமைப்பட்டேன். ஆனாலும் மனம் உறுத்தியது. கரும்பலகையில் எழுதியிருப்பதைத் துடைக்க எடுக்கும் துணியைப் போல அவருடைய பெயரை எடுத்துக்கொண்டார்களே என்று தோன்றியது. அவர் தந்தையாரும் ராமநாதசுவாமி கோயில் குருக்களும் நெருங்கிய நண்பர்கள். அவர் வளர்ந்த வீடு இருப்பது மசூதித் தெரு. கோயிலைப் பார்க்க வரும் யாத்திரிகர்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வழி கேட்டு வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அதை மாற்ற வேண்டும் என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை.

மேலிருந்து வரும் பெயர் நாக்கில் ஒட்டுவதும் இல்லை. 1988இல் திறந்த சாலைப் பாலத்துக்கு அன்னை இந்திரா காந்தியின் பெயர். எந்தக் கண்டக்டரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை, பாம்பன் பாலம்தான். ராமநாதபுரத்தில் வண்டிக்காரத் தெரு இருக்கிறது. மாட்டு வண்டிகள் போய்விட்டன, பெயர் போகவில்லை. அக்காள்மடம், தங்கச்சிமடம் என்ற எங்கள் ஊர்ப் பெயர்கள், அக்காள் தங்கை இருவர் நினைவாகச் சேதுபதி மன்னர் கட்டிய மடங்களால் வந்தவை என்பார்கள். மடங்களைப் பார்த்தவர் இன்று யார்? இருந்தாலும் ஊர் அந்தப் பெண்களை மறக்கவில்லை.

மாற்றுப் பெயர்களாகக் கவிஞர்கள், தலைவர்கள், பூக்களின் பெயர்களைப் பரிந்துரைத்திருக்கிறார்கள். ரோஜாச் செடி எங்கள் உப்புக் காற்றில் ஒரு மாதம் தாங்காது. பெயருக்கா எங்களுக்குப் பஞ்சம்? வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்கே நான்கு பெயர் உண்டு. சங்கு, பனை, தாழை, தோணி, ஊருணி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். மணலைத் தோண்டி ஊற்று நீரைச் சிரட்டையால் மொண்டு குடம் நிரப்பும் பெண்கள் வாழும் தெரு ஒன்று உண்டு. என் மாணவிகளிடம் ஒருமுறை உங்கள் தெருவுக்கு நீங்களே பெயர் வையுங்கள் என்றேன். யோசிக்கவே இல்லை, "ஊற்றங்கரை" என்றார்கள்.

ஆவணங்களையும் அரசே கட்டணமின்றித் திருத்தித் தர வேண்டும். என் பழைய மாணவி ஒருத்தி கணவரைக் கடலில் இழந்தவள். ஒரு கார்டில் பழைய தெருப் பெயர், இன்னொன்றில் புதியது. அதனால் உதவித்தொகைக்காக ஓர் அலுவலகத்துக்கு எட்டு மாதம் அலைந்தாள். அவமானத்தைப் போக்க வந்த மாற்றம் அவளை இப்படிக் கால் கடுக்க நிற்க வைக்கலாமா?

ஊராட்சி, நகராட்சி அதிகாரிகளுக்கு என் வேண்டுகோள்: பலகைக்கு வண்ணம் பூசும் முன் அந்தந்தத் தெருவிலேயே கூட்டம் போடுங்கள். காலையில் வேண்டாம், பெண்கள் பாசி எடுக்கக் கடலுக்குப் போயிருப்பார்கள். மாலை நான்கு மணிக்கு மேல் வந்தால் எல்லாரும் இருப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.