யார்டில் நிற்கும் வண்டி

ஐயா,

கடந்த மாதம் உளுந்தூர்பேட்டை டோல்கேட் அருகே என் மைத்துனரின் வாடகைக் காரை, கடன் கொடுத்த நிதி நிறுவனத்தின் ஆட்கள் நான்கு பேர் மறித்து, சாவியைப் பிடுங்கி, பறித்த வண்டிகளை நிறுத்திவைக்கும் யார்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். கடனில் மூன்று டியூ (தவணை) பாக்கி. அதை அவர் மறுக்கவில்லை. ஆனால் பின்சீட்டில் சவாரி வந்த வயதான அம்மாவை மருந்துப் பையோடு நடுவெயிலில் இறக்கிவிட்டது எந்த ஊர் நியாயம்?

அடியாட்களை ஏவி வண்டியைப் பறிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007-லேயே சொல்லிவிட்டது. ஏலம் விடும் முன் பாக்கியைக் கட்டக் கடைசி வாய்ப்பு தரவேண்டும், கடன் ஒப்பந்தம் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்கவேண்டும் என்பதெல்லாம் நிதி நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி போட்ட விதிகள். எங்களுக்கு வந்தது முழுக்க ஆங்கிலம். பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டோம், அவ்வளவுதான்.

வண்டியே போய்விட்டது, கடனும் தீர்ந்தது என்று பலர் இருந்துவிடுகிறார்கள். ஏலத் தொகை போதாவிட்டால் மிச்சத்துக்கும் நோட்டீஸ் வரும். நிதி நிறுவனத்துக்குக் கொடுத்த எழுத்துப்பூர்வப் புகாருக்கு 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். இதை ஒவ்வொரு ஆர்.டி.ஓ. அலுவலக வாசலிலும் தமிழில் எழுதி வைக்க அரசு ஏற்பாடு செய்யவேண்டும்.

ஒரு வாசகர்,
விழுப்புரம்