கழிவுநீர்க் கட்டணம்: புதுச் சராசரி வரும் பில்லைக் கவனியுங்கள்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டினில் வீடு வைத்திருக்கும் நம் குழு நண்பர்களுக்கு,

வீட்டிலிருந்து வெளியேறும் கழிவுநீரை அளக்கத் தனி மீட்டர் கிடையாது. நவம்பர் நடுவிலிருந்து மார்ச் நடுவரையிலான காலத்தில் அடுத்தடுத்த மூன்று பில்களின் தண்ணீர் உபயோகத்தை நகரத் தண்ணீர்த் துறை சராசரி எடுக்கிறது. அந்த மாதத்தில் நீங்கள் உண்மையில் செலவழித்த தண்ணீர், இந்தச் சராசரி, இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் கழிவுநீர்க் கட்டணம். ஆகவே குளிர்காலத்தில் ஒரு கசிவு இருந்தால், அதன் வலி வருடம் முழுக்கத் தொடரும்.

புதுச் சராசரி வந்ததும் போன வருட எண்ணோடு ஒப்பிடுங்கள். காரணமில்லாமல் ஏறியிருந்தால் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். அப்போதும் அளவு நகர்ந்தால் கசிவுதான். முதல் சந்தேகம் டாய்லெட் மேல்தான்: தொட்டியில் கொஞ்சம் ஃபுட் கலர் விட்டு, ஃப்ளஷ் செய்யாமல் பத்து நிமிடம் பொறுங்கள். கிண்ணத்தில் நிறம் இறங்கினால் உள்ளே உள்ள ரப்பர் மூடி போய்விட்டது. கடையில் சில டாலர்தான்.

சரிசெய்த பிறகு சராசரியைத் திருத்தக் கேட்டுத் தண்ணீர்த் துறைக்கு எழுதுங்கள். பிளம்பர் ரசீது, படம், முன்னும் பின்னும் எடுத்த மீட்டர் அளவு எல்லாம் இணையுங்கள். தோட்டத்துக் குழாய் உடைந்து மண்ணில் போன தண்ணீர் சாக்கடைக்கே போகவில்லை என்பது வலுவான வாதம். டாய்லெட் கசிவுக்கு அந்த வாதம் செல்லாது, அது சாக்கடைக்குத்தானே போயிருக்கிறது! மீட்டர் அளவே தவறு என்று தோன்றினால் மறுவாசிப்பு கேளுங்கள். சர்ச்சையில்லாத தொகையை மட்டும் கெடுவுக்குள் கட்டிவிடுங்கள்.