நாடகம் படிச்சா என்ன வேலைன்னு நீங்களும் ஒரு பக்கம் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

பிளஸ் டூ முடிச்ச பசங்க என்ன படிக்கலாம்னு நீங்க போடற வழிகாட்டி பக்கத்த விடாம படிக்கறவனுங்க நானு. இந்தத் தடவை விஸ்காம் இருக்கு, ஃபேஷன் இருக்கு, கேட்டரிங் இருக்கு, அனிமேஷன் கூட இருக்கு, நாடகத்துக்கு மட்டும் ஒரு வரி இல்ல. மைக் செட்டு, லைட்டு வாடகைக்கு விடறவனுக்கு இதுல என்ன சோலின்னு நெனைப்பீங்க, என்ற தங்கச்சி பொண்ணு பாண்டிச்சேரி யுனிவர்சிட்டில நாடகம்தானுங்க படிக்குது. டிகிரி முடிச்சுட்டு அது அங்க போறேன்னப்ப சொந்தபந்தம் பூராவும் கேட்டது ஒரே கேள்வி, "ஏனுங்க, புள்ள சினிமாவுக்குப் போகுதா?"

நாடகம்னாலே நடிப்புன்னு நம்ம சனம் முடிவு பண்ணிருச்சு, அதுதான் தொந்தரவே. தங்கச்சி பொண்ணு லீவுல வந்தப்ப நோம்பிக்கு எங்கூட மேடை கட்ட வந்துச்சுங்க. மேடைக்கு நேரா பார் லைட்டு நாலக் கட்டி ஃபுல்லா எரிய விடறதுதான் எங்க வழக்கம், கூட்டத்துக்குத் தெரிஞ்சா சரி. அம்மணி அதுல ரெண்ட எறக்கி, இந்த ஓரம் ஒண்ணு அந்த ஓரம் ஒண்ணுன்னு மேல இருந்து சாய்வா முகத்துல விழற மாதிரி கட்டச் சொல்லி, ஒண்ணுக்கு லேசான மஞ்ச ஜெலட்டின் தாளு, இன்னொண்ணுக்கு லேசான நீலம்னு ஒட்டுச்சு. "நேரா அடிச்சா மூஞ்சி தட்டையா போயிரும் மாமா, 45 டிகிரில ரெண்டு பக்கம் இருந்து அடிச்சாத்தான் கண்ணு மூக்கெல்லாம் எடுத்துக் காட்டும்"னுச்சு. அமெரிக்காவுல யேல் யுனிவர்சிட்டி வாத்தியாரு மெக்கேண்ட்லெஸ்னு ஒருத்தரு 1932லயே இத எழுதி வெச்சுட்டாராம். அன்னிக்கு வள்ளி வேஷம் கட்டுனவங்க கண்ணச் சிமிட்டுனது கடேசி வரிசை வரைக்கும் தெரிஞ்சுதுங்க, இதுக்குப் புதுசா ஒரு லைட்டு கூட வாங்கல.

இப்படி லைட்டு, செட்டு, ஒப்பனை, உடை, ஸ்டேஜ் மேனேஜ்மெண்ட், டைரக்‌ஷன்னு நடிப்பத் தாண்டி நெம்ப இருக்குதுங்க இந்தப் படிப்புல, பரதரோட நாட்டிய சாஸ்திரமும் உண்டு, ஜெர்மனி நாடகக்காரரு பிரெக்ட்டும் உண்டு, நம்ம தெருக்கூத்தும் உண்டு. முடிச்சவங்க ஈவென்ட் கம்பெனிக்குப் போறாங்க, டப்பிங், சினிமா ஆர்ட் டிபார்ட்மெண்ட், கம்பெனி ஆளுங்களுக்குப் பேச்சுப் பயிற்சின்னு போறாங்க, யுஜிசி நெட் எழுதுனா அதுல நாட்டியத்தோட சேத்து நாடகமும் ஒரு பாடமா இருக்கு, காலேஜ் வாத்தியாரா போகலாம்.

எல்லாத்தையும் விட பள்ளிக்கூடத்துலதான் இவங்க தேவைன்னு நான் சொல்லுவேன். நம்ம பக்கம் தனியார் ஸ்கூல் ஆண்டு விழாவுக்கெல்லாம் சவுண்டு போடறவன்ங்கறதால சொல்றேன், நாடகம்னு பேரு, ஆனா வசனத்த முன்னாடியே ரெக்கார்டு பண்ணி பென் டிரைவுல குடுத்துருவாங்க, புள்ளைக வாய மட்டும் அசைக்கும். டான்ஸ் மாஸ்டருக்கு சம்பளம் குடுக்கற ஸ்கூல்ல நாடகத்துக்கு ஒரு ஆளு கெடையாது. கவர்மெண்டு ஸ்கூல்ல ஓவியத்துக்கு, பாட்டுக்கு, தையலுக்கெல்லாம் ஆசிரியர் போஸ்ட் இருக்கு, நாடகத்துக்கு இல்ல. 2022ல இருந்து கலைத் திருவிழா நடத்தறாங்க, அதுல நாடகம் போட்டு ஜெயிச்ச புள்ளைக்கு அடுத்து எங்க போறதுன்னு யாரு சொல்றது?

காசு விஷயத்தையும் மறைக்க வேண்டியதில்லீங்க. தமிழ்ல மேடை நாடகத்த மட்டும் நம்பி மாசாமாசம் வீட்டு வாடகை கட்டறது கஷ்டம். நடிகர் பசுபதி மாதிரி கூத்துப்பட்டறைங்கற நாடகக் குழுவுல இருந்து சினிமாவுக்குப் போயி பேரெடுத்தவங்களக் காட்டி ஆச காட்டறதும் சரியில்ல, அது நூத்துல ஒருத்தருக்கு. திரைக்குப் பின்னால வேலை தெரிஞ்சவங்களுக்குத்தான் நிலையா வருமானம் வருது, இத என்ற தொழில்ல இருந்தே பாக்கறேன். மத்திய கலாச்சார அமைச்சகம் 18 வயசுல இருந்து 25 வரைக்கும் உள்ள இளம் கலைஞர்களுக்கு மாசம் 5,000 ரூபா, ரெண்டு வருஷத்துக்கு உதவித்தொகை குடுக்குது, நாடகமும் அதுல சேத்தி, நம்ம பக்கம் இது எத்தன பேத்துக்குத் தெரியும்?

எங்க படிக்கறதுன்னா, பிளஸ் டூ முடிச்ச கையோட சேரணும்னா கோயமுத்தூர்ல ரயில் ஏறி பாலக்காடு தாண்டுனா திருச்சூரு, அங்க காலிகட் யுனிவர்சிட்டியோட நாடகப் பள்ளி 1977ல இருந்து நடக்குது. டிகிரிக்கு மேலன்னா பாண்டிச்சேரி. டெல்லில தேசிய நாடகப் பள்ளி 1959ல ஆரம்பிச்சது, மூணு வருஷம், டிகிரியோட நாடகம் போட்ட அனுபவமும் கேப்பாங்க, படிக்கறப்பவே உதவித்தொகை உண்டு. தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்துலயும் நாடகத்துக்குத் தனித் துறை இருக்கு. இவ்வளவும் அந்தப் புள்ள அலைஞ்சு திரிஞ்சு அதுவா தெரிஞ்சுக்கிட்டதுங்க. 1930கள்லயே சேலத்துல மாடர்ன் தியேட்டர்ஸு, கோயமுத்தூர்ல சென்ட்ரல் ஸ்டுடியோன்னு நாடகக் கம்பெனி ஆளுங்கள வெச்சுப் படமெடுத்த சீமைல இதச் சொல்ல ஒரு ஆளு இல்ல பாருங்க.

பாண்டிச்சேரிக்கு க்யூட் பிஜின்னு நுழைவுத் தேர்வு எழுதணும், அதுக்கு விண்ணப்பம் டிசம்பர், ஜனவரி வாக்குலயே வந்துருது, நீங்க வழிகாட்டி போடறது மே மாசம். அதனால நாடகத்துக்குன்னு ஒரு அரைப் பக்கமாவது டிசம்பர்லயே போட்டுருங்க, படிச்சு முடிச்சு வேலை பாக்கறவங்க நாலு பேரக் கேட்டு, என்ன சம்பளம்ங்கறதையும் சேத்துப் போடுங்க.

இப்படிக்கு,
மைக் செட்காரன்,
கோபிசெட்டிபாளையம்.