ஈர விரலால தொட்டுப் பாரு

தண்டையார்பேட்டை,
ஞாயிறு ராத்திரி

கண்ணு,

உன் மசாலா பாக்கெட் லேபிளுக்கும் டியூஷன் நோட்ஸுக்கும் நம்ம கடையில இருக்கிற பழைய பிரிண்டரை ஆம்னி பஸ்ல போட்டு ஈரோட்டுக்கு அனுப்பச் சொன்னப்ப சரின்னுட்டேன். படுத்தப்புறம்தான் உறைச்சுது. டேங்க்ல பாதி மை நிக்குது. எவனாவது சாய்ச்சு வச்சா மிஷினும் போச்சு, பக்கத்து மூட்டையும் போச்சு. கடை மாத்தினப்ப ஆட்டோவுல மடியில வச்சுக்கினு வந்ததுக்கே என் புடவை நீலமாயிடுச்சு. புதுசா அங்கயே வாங்கிக்கோ. பாதி துட்டு நான் தரேன்.

எந்தக் கம்பெனின்னு கேட்டே. அது இருக்கட்டும், கறுப்பு மை டையா பிக்மென்ட்டான்னு கேளு. டை தண்ணி பட்டா கரையும். பிக்மென்ட் பொடி மாதிரி, காகிதத்து மேல பிடிச்சுக்கும். இதை நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கினேன். ஒரு மழை நாள், பக்கத்துத் தெருப் பொண்ணு ஹால் டிக்கெட் எடுத்துக்கினு போய், அரை மணியில திரும்பி வந்து நிக்குது. பேரு இருந்த இடத்துல ஊதாக் கறை. அது அழுவுது, எனக்குக் கை நடுங்குது. நீ வாங்கப் போற கடையில காட்டுறப்ப ஒரு பக்கம் எடுத்து, ரெண்டு நிமிஷம் விட்டு ஈர விரலால தேய்ச்சுப் பாரு. மூஞ்சியைச் சுளிச்சா சுளிக்கட்டும்.

ஆனா பிக்மென்ட்டுன்னு சொல்ற வீட்டு மிஷின்லயும் பெரும்பாலும் கறுப்புதான் அப்படி, கலர் மூணும் டைதான். மசாலா பாக்கெட்டு சமையல்கட்டுல ஈரக் கையிலதான் இருக்கும். அதனால கலர் லேபிளை பிரஸ்ல மொத்தமா அடிச்சு வச்சுக்கோ. தேதி, எடை, விலை மட்டும் வீட்டுல கறுப்புல அடி.

செலவுக்குப் பயப்படாதே. எப்சன் 003 கறுப்பு மை பாட்டில் 65 மில்லி, 4,500 பக்கம் வரும்னு போட்டிருக்கான். அது கம்பெனியோட சோதனைப் பக்கத்தை வச்சுப் போட்ட கணக்கு. டியூஷன் நோட்ஸுக்குச் சரி, பட்டையா படம் போட்டா நிக்காது. முன்னாடி நம்ம வச்சிருந்த சின்ன கார்ட்ரிட்ஜ் 200 பக்கத்துக்கே மூச்சு வாங்கும், ஞாபகம் இருக்கா?

அப்புறம் ஹெட், காகிதத்துல மையைத் தெளிக்கிற பாகம். எப்சன்ல அது மிஷினோடயே கட்டினது. கேனான் ஜி, எச்பி ஸ்மார்ட் டேங்க் மாடல் பலதுல நாமளே கழட்டி மாத்தலாம். நீ ஊருக்கு வந்தா பத்து நாள் மிஷின் சும்மா கிடக்கும், மை காயும். அதனால இதையும் கேட்டுக்கோ. காய்ஞ்சுதுன்னு, ஹெட்டுல மையை ஓட்டிச் சுத்தம் பண்ற கிளீனிங்கைச் சும்மா சும்மா போடாதே. அந்த மையெல்லாம் உள்ள இருக்கிற பஞ்சுக்குப் போவும், ரொம்பிடுச்சுன்னா மிஷின் மக்கர் பண்ணும். பஞ்சுப் பெட்டியை நாமளே மாத்துற மாடலா பாரு. வாரம் ஒரு கலர் பக்கம் எடுத்தாலே பாதி பேஜார் குறையும்.

மாப்பிள்ளை கிட்ட ஒண்ணு சொல்லு. ராத்திரி சுவர் சுவிட்சை டக்குனு அணைக்கக் கூடாது. பிரிண்டர் பட்டனை அமுக்கி, விளக்கு அணைஞ்சப்புறம்தான். அப்பத்தான் ஹெட் போய் மூடிக்குள்ள உக்காரும். நம்ம ஊர்ல கடல் காத்துக்குக் காகிதம் நமுத்துப் போய் ரெண்டு ரெண்டா இழுக்கும், அதைப் பிளாஸ்டிக் கவர்ல சுத்தி வைப்பேன். ஈரோட்டு வெயிலுக்கு அந்தத் தொல்லை உனக்கு இல்லை.

உங்க நைனா காசிமேட்டுல நெத்திலி கருவாடு வாங்கிக் காய வச்சிருக்காரு. பிரிண்டருக்குப் பதிலா அதைப் பஸ்ல போட்டு விடுறேன்.

அம்மா