சாயத்துக்கு முன் மேற்பூச்சு

அன்பு நண்பனுக்கு,

இங்கே அனைவரும் நலம். அங்கேயும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன். ஐந்து மாதங்களாக ஒரு வரிகூட எழுதாமல் இருந்தது என் தவறுதான், மன்னித்துக்கொள். நேற்றிரவு உன் தம்பி பேசும்போது, அப்பாவின் தேக்கு மேசையை நீ இழைத்து முடித்துவிட்டாய் என்றும், இந்த வாரக் கடைசியில் மரத்துக்கு நிறமேற்றும் ஸ்டெயின் அடிக்கப் போகிறாய் என்றும் சொன்னான். வானொலிப் பெட்டியைப் பிரித்துப் போட்ட அந்த மத்தியானத்திலிருந்தே உன் வேகம் எனக்குத் தெரியும் என்பதால், இனியும் தாமதிக்கக் கூடாதென்று உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மகளின் படிப்பு மேசைக்கு நான் வால்நட் நிற எண்ணெய் ஸ்டெயின் பூசினேன். நிறம் இன்னும் ஆழமாக இருக்கட்டும் என்று மிகுதியைத் துடைக்காமல் விட்டு, மறுநாள் காலையிலேயே, மேற்பூச்சாக, தண்ணீர் கலந்த பாலியூரிதீன் என்னும் பாதுகாப்புப் பூச்சை மேலே பூசிவிட்டேன். அன்று பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். மூன்று வாரம் கழித்து அவள் மேசையில் ஒட்டியிருந்த பாட அட்டவணையை உரித்தபோது, ஒட்டுநாடாவோடு சேர்ந்து மேற்பூச்சும் தோல் போல உரிந்து வந்தது. அவள் முகம் வாடியதைப் பார்த்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

பிறகு நிதானமாக யோசித்தபோதுதான், நான் ஸ்டெயினை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு மேற்பூச்சைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்ததே கோளாறு என்பது புரிந்தது. மேலே எது வரப் போகிறது என்பதை முடிவு செய்த பிறகே கீழே எதைப் பூசுவது என்று தேட வேண்டும். ஏனென்றால், மேற்பூச்சில் உள்ள கரைப்பான் ஸ்டெயினையும் கரைக்கக்கூடியதாக இருந்தால், தூரிகை போகும் வழியெல்லாம் நிறம் இளகித் திட்டுத்திட்டாக இழுபடும். ஸ்பிரிட்டில் கரைத்த சாயத்தின் மேல், அதே ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பாலிஷைத் தேய்த்தால் இப்படி ஆகும். தண்ணீர்ச் சாயத்தின் மேல் தண்ணீர்ப் பூச்சைத் தூரிகையால் அடித்தாலும் ஆகும். லேக்கர் என்னும் வேகமாகக் காயும் மேற்பூச்சில் உள்ள தின்னரோ ஏறக்குறைய எல்லாவற்றையும் இளக்கிவிடும் என்பதால், லேக்கரை முதலில் மெல்லிய படலமாகத் தெளித்தே ஏற்ற வேண்டும்.

இரண்டின் கரைப்பானும் வேறாக இருந்தால் மட்டும் போதாது, கீழே உள்ளது முழுமையாகக் காயவும் வேண்டும். எண்ணெய் ஸ்டெயின் கையில் ஒட்டாத நிலைக்குச் சில மணி நேரத்தில் வந்துவிடும். ஆனால் அதிலுள்ள எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகுவதற்குக் குறைந்தது ஒரு நாளும், ஈரப்பதம் மிகுந்த நாட்களில் மூன்று நாளும் ஆகலாம். மூக்கை அருகில் கொண்டுபோனால் தின்னர் வாசனை வருகிறதா என்று பார், வந்தால் காத்திரு. பூசிய சில நிமிடங்களில் மிகுதியைத் துணியால் முழுவதும் துடைத்துவிடவும் வேண்டும், ஏனெனில் ஸ்டெயினில் கரையாமல் கலந்திருக்கும் நிறமித் துகள்கள் மரத்தின் துளைகளில் தங்குவதுதான் நல்லது. மேலே படலமாகத் தேங்கினால் அந்த வலுவில்லாத படலத்தின் மேல்தான் உன் மேற்பூச்சு நிற்கும்.

நீயும் தண்ணீர்ப் பாலியூரிதீனையே நினைத்திருக்கிறாய் என்று தம்பி சொன்னான். அப்படியானால் எண்ணெயில் கலந்த நிறமி ஸ்டெயினை எடுத்துக்கொள், மூன்று நாள் விடு, பிறகு மெழுகு நீக்கிய அரக்கை ஒரே ஒரு மெல்லிய கை பூசிவிட்டுப் பாலியூரிதீனுக்குப் போ. அரக்கு இரண்டு பூச்சுகளோடும் நன்றாக ஒட்டும். மெழுகு உள்ள அரக்கின் மேல் பாலியூரிதீன் சரியாகப் பிடிக்காது, அதனால் வாங்கும்போது கேட்டு வாங்கு. கரையும் சாயங்கள் ரேகையைத் தெளிவாகக் காட்டினாலும் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். அந்த மேசை ஜன்னலோரம்தான் இருக்கும் என்பதால் நிறமியே எனக்குச் சரியாகப் படுகிறது. தேக்குக்குள்ளேயே இயற்கையாக எண்ணெய் இருப்பதால், ஸ்டெயின் அடிப்பதற்குச் சற்று முன்பு அசிட்டோனால் ஒரு முறை துடைத்துவிடு.

உனக்குத் தேய்க்கத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாது. ஆனால் இந்த ஒரு முறை 180 எண் உப்புத்தாளோடு நிறுத்திவிடு. அதற்கு மேல் தேய்த்து வழவழப்பாக்கினால் நிறமிக்குப் பிடிப்பு இல்லாமல் நிறம் வெளிறிவிடும். பலகையின் வெட்டு முனைகள் மட்டும் அதிகமாக உறிஞ்சிக் கறுத்துவிடும் என்பதால் அவற்றை 220 வரை கொண்டுபோகலாம். மேற்பூச்சின் முதல் கையை உப்புத்தாளால் தொடாதே. விளிம்புகளில் நிறம் தேய்ந்து வெள்ளையாகத் தெரிந்துவிட்டால் அதைச் சரிசெய்வது மிகவும் கடினம். இரண்டாவது கைக்குப் பிறகு 320 எண்ணால் மெதுவாகத் தடவினால் போதும்.

ஸ்டெயின் காய்ந்ததும் மங்கிப்போய் உயிரில்லாமல் தெரியும். அதைக் கண்டு மனம் கலங்கி இன்னொரு கை பூசிவிடாதே. ஈரமாக இருந்தபோது கண்ட நிறம், மேற்பூச்சு ஏறியதும் ஏறக்குறைய திரும்பி வந்துவிடும். தண்ணீர்ப் பூச்சு நிறமற்றது, எண்ணெய்ப் பூச்சு மஞ்சள் கலந்த சூடான நிறம் தரும், அரக்கும் சற்றுத் தேன் நிறம் கூட்டும். ஆகவே டப்பாவின் மேல் உள்ள படத்தை நம்பாமல், அதே மேசையிலிருந்து கழித்த தேக்குத் துண்டில், அதே உப்புத்தாள் எண்ணில் தொடங்கிக் கடைசிக் கை வரை எல்லாவற்றையும் பூசிப் பார். ஒரு வாரம் ஆனதும் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகச் சிறு கட்டங்கள் கீறி, ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழு. கட்டங்கள் அப்படியே நின்றால் மேசையைத் தொடலாம். இதனால் உன் வேலை இரண்டு வாரம் தள்ளிப் போகும் என்பது எனக்குத் தெரியும். அது அப்பா உட்கார்ந்து எழுதிய மேசை என்பதால்தான் இவ்வளவு பிடிவாதமாகக் கேட்கிறேன்.

ஒன்றை மறக்கவே கூடாது. ஸ்டெயின் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதே. எண்ணெய் காயும்போது வெப்பம் உண்டாகி, அந்தக் குவியல் தானாகவே தீப்பற்றக்கூடும். திறந்த வெளியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயவிடு, அல்லது தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் அமிழ்த்தி மூடி வை. வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

நானும் மகளின் மேசையை முழுவதும் சுரண்டியெடுத்து, நேற்றுத்தான் புதிதாக ஸ்டெயின் பூசியிருக்கிறேன். இன்னும் தின்னர் வாசனை வருகிறது, காத்திருக்கிறேன். நீ சோதனைத் துண்டைக் கீறிப் பார்த்ததும் எனக்குப் படம் அனுப்பு, என்னுடையதையும் அனுப்புகிறேன்.

என்றும் உன்,
பழைய நண்பன்