குடித்த மறுநாள் மிளகு ரசமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் வீட்டு வைத்தியப் பகுதியில், குடித்த மறுநாள் குமட்டலுக்குக் காரமான மிளகு ரசமும் கடுங்காப்பியும் நல்லது என்று வந்திருந்தது. தாராவி 90 அடி சாலையில் ஒரு மெடிக்கலில் வேலை பார்க்கிறேன். தெருமுனையில் என் மனைவி காலையில் இட்லி விற்கிறாள். ஞாயிறு காலையில் கண் சிவந்து வருகிறவர்கள் முதலில் என்னிடம் மாத்திரை கேட்பார்கள், அப்புறம் அவளிடம் போவார்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

சரக்கு ஏற்கெனவே இரைப்பையின் உட்சுவரை எரிச்சலாக்கி, அமிலத்தையும் கூட்டியிருக்கும். அதன் மேல் மிளகும் புளியும் போனால் நெஞ்சு இன்னும் கரிக்கும். ரசத்தை ஜலதோஷத்துக்கு வைத்துக்கொள்ளலாமே! காப்பி தூக்கத்தைக் கலைக்கும், போதையை இறக்காது. மதுவை உடைக்கும் ஈரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும். காலையில் இன்னொரு ரவுண்டு போட்டால் சரியாகிவிடும் என்பவர்கள் அவஸ்தையைச் சாயங்காலத்துக்குத் தள்ளிப்போடுகிறார்கள், அவ்வளவுதான்.

என் மனைவி முதலில் மோர் கொடுப்பாள். புளிக்காத தயிரில் நிறையத் தண்ணீர் விட்டு, உப்பு, தட்டிய இஞ்சி, ஒரு சிட்டிகை பெருங்காயம். பச்சை மிளகாய் கிடையாது. "மடக்குன்னு குடிக்காதீங்கண்ணே, கொஞ்சம் கொஞ்சமா" என்று பக்கத்திலேயே நிற்பாள். அது வயிற்றில் தங்கினால் உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, அல்லது சட்னி இல்லாமல் இரண்டு இட்லி. காரச் சட்னி கேட்டு மல்லுக்கு நிற்பவர்களும் உண்டு. அவள் அசைய மாட்டாள். இளநீரும் நல்லதுதான், ஆனால் மும்பை விலைக்கு எல்லோராலும் முடியாது.

உடம்பில் நீரைப் பிடித்து வைக்கும் ஹார்மோனை மது அடக்கிவிடும். இரவெல்லாம் சிறுநீராகப் போவது அதனால்தான். வாந்தியும் சேர்ந்துவிட்டால் நான் உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். பொடி கொடுப்பேன். 20.5 கிராம் பாக்கெட்டை முழு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். அரை டம்ளரில் கரைத்துக் குடித்துவிட்டுப் பலனில்லை என்று வருகிறார்கள், என்ன சொல்ல! அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானம் இதற்கு ஈடாகாது. அவற்றின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2025 அக்டோபரில் உத்தரவிட்டது.

தலைவலிக்கு ஆஸ்பிரினோ ஐபுப்ரோஃபெனோ வெறும் வயிற்றில் போட்டால் இரைப்பைக்குக் கூடுதல் தொல்லை. தினமும் குடிப்பவருக்குப் பாராசிட்டமாலும் ஈரலுக்கு ஆபத்தாகலாம். நான் தர மறுத்தால் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள்.

உங்கள் பகுதியில் விட்டுப்போன முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ரத்த வாந்தி, தார் மாதிரி கறுத்த மலம், எழுப்பினால் எழாத மயக்கம் என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். 2015 ஜூனில் மலாட் மால்வணியில் விஷச் சாராயத்துக்கு நூறு பேருக்கு மேல் பலியானார்கள். அப்படிப்பட்ட சாராயத்தில் இருக்கும் மெத்தனால் விஷம் மறுநாள் வரைகூடச் சாதாரணக் குமட்டல் மாதிரியே இருக்கும். அப்புறம்தான் பார்வை மங்கும். கண் மங்குகிறது என்றால் மோர், கஞ்சி எதுவும் வேண்டாம், நேரே சயான் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

இதை அதே ஞாயிறு பகுதியில், அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக்கடை ஊழியர்,
தாராவி, மும்பை - 17