என் முதல் கட்டுரை அச்சேற உதவியோருக்கு நன்றி மடல்

மதிப்பிற்குரியோர் அனைவருக்கும் வணக்கம்.

முனைவர் பட்டம் பெற்று மூன்றாண்டுகள் கழித்து என் முதல் வரலாற்றுக் கட்டுரை ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்துள்ளது.

முதல் நன்றி, கட்டுரையை வெளியிடலாமா என்று இதழுக்காகப் படித்துக் கருத்துரைத்தவர்களுள், யாரென்று இன்றும் நான் அறியாத இரண்டாம் மதிப்பீட்டாளருக்கு உரியது. ஆய்வேட்டின் ஓர் இயலை அப்படியே பெயர்த்தெடுத்து அனுப்பியிருந்தேன். வாதம் 11-ஆம் பக்கத்தில்தான் தொடங்குகிறது என்றும், அதற்கு முந்தையவை தேர்வாளரை நிறைவுசெய்ய எழுதியவை என்றும் அவர் குறித்திருந்ததைப் படித்து இரண்டு நாள் பொருமினேன். மூன்றாம் நாள் புரட்டிப் பார்த்தால், சரியாக 11-ஆம் பக்கம்தான். முன்னாய்வுகளின் நீண்ட பட்டியலை இரண்டு பத்திகளாகச் சுருக்கி வாதத்தை முன்னே கொண்டுவந்ததும், 14,000 சொற்களாக இருந்த கட்டுரை இதழின் வரம்பான 10,000-க்குள் அடங்கிவிட்டது.

'திருத்தி மீண்டும் அனுப்புக' என்ற கடிதத்தை நிராகரிப்பு என்றே எண்ணிச் சோர்ந்திருந்த என்னை, அது கதவு திறந்திருப்பதற்கான அடையாளம் என்று சொல்லித் தேற்றியவர் என் நெறியாளர். ஒவ்வொரு கருத்தையும் எடுத்தெழுதி, அதன்கீழ் எந்தப் பக்கத்தில் என்ன மாற்றினேன் என்பதையும், ஏற்காத இடத்தில் சான்றோடு காரணத்தையும் எழுதும் முறையை அவரே கற்றுத்தந்தார்.

கட்டணம் செலுத்தினால் ஒரு வாரத்தில் வெளியிடுவதாக வந்த அழைப்பில் நான் ஏமாறாதது நூலகரின் புண்ணியம். எவரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய இதழ்களைப் பட்டியலிடும், 2003 முதல் இயங்கிவரும் திறந்த அணுக்க இதழ்களின் அடைவைக் காட்டிய அவர், சந்தா இதழ்கள் அதில் இடம்பெறா என்பதால் அதை மட்டும் நம்பாமல், ஆசிரியர் குழுவினர் உண்மையில் அத்துறையினர்தாமா என்றும் பார்க்கச் சொன்னார்.

ஆவணக் காப்பகத்தின் பழைய பட்டியலில் இருந்த கோப்பு எண்களை அடிக்குறிப்புகளில் எழுதியிருந்தேன். அவற்றை இன்றைய எண்களோடு ஒப்பிட்டுத் திருத்தித்தந்தவர் ஆவணக் காப்பாளர். கட்டுரையில் சேர்த்த காப்பக நிலப்படத்தை நானே படமெடுத்தேன் என்பதாலேயே அதை அச்சிடும் உரிமை எனக்கு வந்துவிடாது என்பதையும் அவரிடமே அறிந்தேன்.

பெயர் மறைத்து மதிப்பிடும் இதழ் என்பதால், கோப்பின் பண்புகளில் ஒளிந்திருந்த என் பெயரையும், 'எனது ஆய்வேட்டில்' என்ற தொடரையும் தேடி நீக்கிய நண்பருக்கும் நன்றி. அவரே என் நன்றிக் குறிப்பையும் அப்போது நீக்கினார். மெய்ப்பு பார்க்கக் கிடைத்த மூன்று நாட்களில் அதைத் திரும்பச் சேர்க்க நான் மறந்துவிட்டேன். அச்சில் விடுபட்ட அக்குறிப்பே இம்மடல்.

அன்புடனும் பணிவுடனும்,
கட்டுரையாசிரியர்